விட்டுப்போன பாரம்

தர்மசந்திரன் இருபத்தைந்து என்றுதான் போட நினைத்தார். சத்தியமாக அவ்வளவுதான். போன ஜனவரி ஒன்றாம் தேதி காலை, முகம் கழுவிய ஈரக்கையோடு போனில் தட்டியதில் 25 என்பது 52 ஆகிப் போய்விட்டது. அந்த இருபத்தைந்தே பொய் என்பது வேறு விஷயம். அதற்கு முந்தைய வருஷம் முழுக்க அவர் படித்து முடித்தது ஒரே ஒரு புத்தகம், அதுவும் ஓய்வூதிய விதிகளைப் பற்றியது.

எத்தனை என்று கேட்டது ‘மலையடி வாசகர்கள்’ என்ற வாட்ஸப் குழு. திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் புத்தகம் படிக்கிறவர்கள், படிக்க ஆசைப்படுகிறவர்கள், படிப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் என்று அறுபத்து மூன்று பேர் அதில் இருந்தார்கள். குழுவை நடத்துகிறவர் திருமலை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வருஷப் பிறப்பன்று, ‘இந்த ஆண்டு எத்தனை நூல்?’ என்று கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். எல்லோரும் பன்னிரண்டு, பதினைந்து, இருபது என்று அடக்கமாகப் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் 52 வந்து விழுந்தது. ‘வாரம் ஒன்றா! அடேயப்பா!’ என்றார் ஒருவர். கைதட்டும் பொம்மைகள் வரிசை கட்டின. ‘இதல்லவா இலக்கு!’ என்று திருமலையே போட்டார்.

தப்பைத் திருத்தப் போனவர் அந்த வரியைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். அழித்தால் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி நிற்கும், அது இன்னும் கேவலம். ஐம்பத்து நான்கு வயதில், வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக நாற்காலி தேய்த்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்குக் கைதட்டல் எத்தனை முறை கிடைக்கும், சொல்லுங்கள். இருக்கட்டும், படித்துவிட்டால் போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஜனவரியில் நிஜமாகவே முயற்சி செய்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவார். இரண்டு பக்கம் போகும். மூன்றாவது பக்கத்தில் கை தானாகப் போனைத் தேடும். போனை எடுத்தால் முக்கால் மணி நேரம் அம்போ. முதல் மூன்று வாரம் ஒரே புத்தகத்தோடு மல்லுக்கட்டினார். நான்காவது வாரம் பின்னட்டையைப் படித்தார், கடைசிப் பக்கத்தைப் படித்தார், அட்டையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு ‘மண்ணின் ஈரம் மாறாத எழுத்து’ என்று எழுதினார். இருபத்தோரு பேர் கை தட்டினார்கள். அப்புறம் எதற்கு முழுசாகப் படிக்க வேண்டும்?

அன்றிலிருந்து வாரம் தவறாமல் ஒரு படம், ஒரு வரி. விட்டுப்போன மூன்று வாரத்துக் கணக்கையும் இடையிடையே நேர் செய்துகொண்டார். ‘காலத்தின் முகத்தில் ஓர் அறை.’ ‘மூடி வைத்த பிறகும் மூடாத பக்கங்கள்.’ பொய் சொல்வதற்கும் ஒரு சுறுசுறுப்பு வேண்டும், அது அவரிடம் தாராளமாக இருந்தது. வீட்டில் மனைவி கனகலதாதான் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“என்னங்க, ஊரே உங்கள மெச்சிக்குது. ஒரு பக்கம் திருப்பற சத்தம் கூட என் காதுல விழலையே, எப்பங்க படிக்கிறீங்க?”

“ஆபீஸ்ல படிக்கிறேன்.”

“ஆபீஸ்ல வேலை செய்யறதா இல்ல சொன்னீங்க?” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் நாலரைக்குக் குழு நேரில் கூடும். டவுனில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. ஆளுக்கொரு புத்தகத்தைப் பற்றிப் பேசி, ஆறு மணிக்கு மேல் கேள்வி, விவாதம், சண்டை என்று சூடு பிடிக்கும். அந்த ஆறு மணிதான் அவருக்கு எமன். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அவர் ஜைனர். ஆரணிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கனகலதா அதைக் கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை விடவில்லை. இவரோ எப்போதோ விட்டாயிற்று, ராத்திரி எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்ட் எதிரில் நின்று பஜ்ஜி தின்கிற ஆள். ஆனால் மாதக் கடைசி ஞாயிறு ஐந்தே முக்கால் ஆனால் மட்டும் பக்தி வந்துவிடும். “பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும், தப்பா எடுத்துக்காதீங்க” என்று கைகூப்பி எழுந்து வந்துவிடுவார். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. மரியாதையாக வழி விடுவார்கள்.

பதினேழாவது வாரத்துப் புத்தகம் ‘மூன்றாம் மதகு’ என்கிற நாவல். நானூற்றுச் சொச்சம் பக்கம். ஸ்கூட்டர் பஞ்சரான ஒருநாள் டவுன் பஸ்ஸில் ஆபீசுக்குப் போகும்போது பிரித்தார். இருபத்து மூன்றாம் பக்கத்தில் வேங்கிக்கால் வந்துவிட்டது. பஸ் டிக்கெட்டை அங்கேயே செருகி மூடினார். அதோடு சரி. ஆபீஸ் மேஜையில் நாலு பேர் கண்ணில் படும்படி வைத்து, படம் எடுத்து, ‘படித்து முடித்தும் என்னை விட்டுப் போகாத நூல்’ என்று குழுவில் போட்டார்.

அந்தப் புத்தகத்தைத்தான் ஆதிலட்சுமி கேட்டாள்.

ஆதிலட்சுமி அந்த அலுவலகத்தில் உதவியாளர். ஃபைல் எடுத்துக் கொடுப்பது, தபால் கொண்டுபோவது, சாயங்காலம் ஜன்னல் சாத்திப் பூட்டுவது எல்லாம் அவள்தான். அவள் புருஷன் வேணு அதே ஆபீசில் ஜீப் டிரைவராக இருந்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால் செங்கம் ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டான். கருணை அடிப்படையில் இவளுக்கு வேலை கிடைத்தது. முப்பத்தெட்டு வயசு, பிளஸ் டூ படிப்பு, அதிர்ந்து பேசாத பெண்.

“சார், இத எடுத்துட்டுப் போயி படிச்சிட்டுத் தரட்டுங்களா? மத்தியானத்துல சும்மாதான் உக்காந்திருக்கேன்.”

“தாராளமா எடுத்துக்கோம்மா. நான் முடிச்சிட்டேன்” என்றார். நான் முடிச்சிட்டேன் என்பதை அவள் கேட்கவே இல்லை, இவராகச் சொன்னது.

அவள் மெதுவாகத்தான் படித்தாள். மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ரெக்கார்ட் ரூம் ஜன்னல் ஓரம் ஸ்டூலைப் போட்டு அரை மணி நேரம் படிப்பாள். விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே போவாள். இவர் அதையும் விடவில்லை. ‘எங்கள் அலுவலகத்தில் ஒரு வாசகியை உருவாக்கியிருக்கிறேன்’ என்று குழுவில் போட்டு, அவள் நம்பரையும் சேர்க்க வைத்தார். திருமலை நெகிழ்ந்துபோய் ஒரு பாராட்டே எழுதினார்.

ஜூன் மாதம் ஒருநாள் மத்தியானம் அவள் புத்தகத்தோடு மேஜைக்கு வந்து நின்றாள். முகம் சரியில்லை.

“சார், இதுல நடுவுல பக்கம் காணோம். நூத்தித் தொண்ணூத்தி மூணுலேர்ந்து எரநூத்தி எட்டு வரிக்கும் ரெண்டு வாட்டி வருது. அப்பறம் எடுத்த எடுப்புல எரநூத்தி இருபத்தஞ்சு. நடுவுல இருக்கறது எங்க போச்சு?”

வாங்கிப் புரட்டினார். இந்த மாதிரி விஷயம் என்றால் அவருக்கு விளக்கத் தெரியும். “இது பாரம் மாறிப்போனதும்மா. பதினாறு பதினாறு பக்கமா மடிச்சு ஒண்ணு சேத்துத் தைப்பாங்க, அதுக்குப் பேரு பாரம். ஒரே பாரத்த ரெண்டு தடவ வெச்சுட்டு, அடுத்தத விட்டுட்டாங்க.”

“நீங்க படிக்கும்போது பாக்கலீங்களா சார்?”

பாருங்கள், அங்கேயே மாட்டியிருக்க வேண்டியவர். “நான் வேற காப்பி படிச்சேன், இது அப்பறம் வாங்கினது” என்று அசராமல் ஒரு பொய்யை எடுத்து வைத்தார். அவள் நம்பினாள். நம்பினது மட்டுமில்லை, முகம் மலர்ந்தது.

“அப்ப உங்களுக்குத் தெரியும் இல்ல? சொல்லுங்க சார். செங்கமலம் கதவத் தொறந்தாளா இல்லியா?”

செங்கமலம் யார்? இருபத்து மூன்று பக்கத்தில் அவள் வந்த ஞாபகம் இல்லை. “நீ எதுவரைக்கும் படிச்சேன்னு சொல்லு, அங்கிருந்து சொல்றேன்” என்றார். கண்காணிப்பாளர் மூளை அப்படித்தான் வேலை செய்யும். ஆதிலட்சுமி சொன்னாள். செங்கமலம் புருஷன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறான். பதினோரு வருஷம் கழித்து ஒரு மழை நாளில் வந்து கதவைத் தட்டி, ‘செங்கமலம்’ என்று கூப்பிடுகிறான். அவள் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். அதோடு இருநூற்று எட்டாம் பக்கம் முடிகிறது. இருநூற்று இருபத்தைந்தில் அவள் வேறு ஊரில் இட்லிக்கடை போட்டிருக்கிறாள்.

“தொறந்தா” என்றார் தர்மசந்திரன். “தொறந்து, ஒரு வார்த்த பேசல. எல போட்டா. சோறு போட்டா. அவன் அழுதுகிட்டே சாப்பிட்டான். சாப்பிட்டுக் கை கழுவினதும், ‘இப்ப போ’ன்னா. அவன் போயிட்டான்.”

எங்கிருந்து வந்ததோ, கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது. ஆதிலட்சுமி அப்படியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

“நான் போடல சார்” என்றாள். “அன்னிக்குக் காலைல எனக்கும் அவருக்கும் பேச்சு முத்திப்போச்சு. ‘சோறு போடுடீ’ன்னாரு. கோவத்துல அடுப்பாண்டயே உக்காந்துகினு எழுந்திருக்கவே இல்ல. வெறும் வயித்தோட வண்டி எடுத்துட்டுப் போனாரு. அப்படியே போயிட்டாரு.” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “இவளாவது போட்டாளே. அதுவே போதும் சார்.”

அந்த நிமிஷம் தர்மசந்திரனுக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. வெட்கமே இல்லாமல் பெருமைப்பட்டார். நாம் சொன்ன கதைக்கு ஒரு பெண் அழுகிறாள் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது.

வருஷம் ஓடியது. தீபம் முடிந்து ஊரில் கூட்டம் கொஞ்சம் வடிந்தது. டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆண்டு நிறைவுக் கூட்டம். ஐம்பத்திரண்டு நூல் முடித்த தர்மசந்திரனுக்குச் சால்வை. அதோடு அவர் உருவாக்கிய வாசகி ஆதிலட்சுமி முதல் முறையாகப் பேசுவாள் என்று திருமலை அறிவித்துவிட்டார். அவள் பயந்து நடுங்கினாள். ஒரு வாரம் இவரிடம் வந்து வந்து கேட்டாள். “பேசிடுவேனா சார்?” “தைரியமா பேசு, நான் இருக்கேன் இல்ல” என்றார்.

மாடியில் நாற்பது பேர் இருந்தார்கள். முதலில் சால்வை. அதைப் போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் இவர் உட்கார்ந்தார். அப்புறம் ஆதிலட்சுமி எழுந்தாள். கையில் ஒரு கோடு போட்ட தாள். ‘மூன்றாம் மதகு’ நாவலைப் பற்றி ஆரம்பத்தில் திக்கித் திக்கிப் பேசினாள். போகப் போகத் தாளைப் பார்ப்பதை விட்டாள். செங்கமலத்தைத் தன் பக்கத்து வீட்டுக்காரியைப் போலப் பேசினாள். ஜனங்கள் அசையாமல் கேட்டார்கள்.

“எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் ஒண்ணு இருக்குது. பதினோரு வருஷம் கழிச்சு அவன் வந்து கதவத் தட்டறான். அவ தொறக்கறா. திட்டல, அழுவல. எல போட்டு சோறு போடறா. அவன் சாப்ட்டு முடிச்சதும் ‘இப்ப போ’ன்றா. கோவம் இருந்தாலும் சோத்த மறுக்கக் கூடாதுன்னு அந்த எடத்துலதான் நான் கத்துகினேன்.”

திருமலை தொண்டையைக் கனைத்தார். கெட்டவர் இல்லை, ஆனால் தப்பைக் கண்டால் சிவப்பு மை எடுக்காமல் அவரால் இருக்க முடியாது.

“அம்மா, ஒரு நிமிஷம். நாவல்ல அப்படி இல்லியே. செங்கமலம் கதவையே திறக்கலியே. அந்த நாவலோட உயிரே அதுதானே? நீங்க வேற ஏதோ கதையக் கலந்துட்டீங்க போலிருக்கு.”

“சீரியல்ல பாத்திருப்பாங்க சார்” என்றது பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது. பெரிய சிரிப்பு இல்லை. ஆனால் நின்றுகொண்டிருக்கிறவளுக்கு எந்தச் சிரிப்பும் பெரிசுதான்.

ஆதிலட்சுமி திரும்பி தர்மசந்திரனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. இவர் எழுந்து சொல்லுவார், வேறு பதிப்பில் அப்படி இருக்கிறது என்றோ என்னவோ சொல்லுவார் என்று நம்பிக்கையோடு பார்த்தாள். நான் இருக்கேன் இல்ல என்று சொன்ன மனுஷன் ஆயிற்றே.

அவர் வாயைத் திறந்தால் ஐம்பத்திரண்டும் சரிந்துவிடும். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நாற்பது.

“பொழுது சாயப்போவுது” என்று எழுந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க.”

வழக்கம்போல மரியாதையாக வழி விட்டார்கள். படியில் இறங்கும்போது பின்னால் ஆதிலட்சுமியின் குரல் கேட்டது.

“நான்தாங்க கொழப்பிக்கினேன். புஸ்தகத்துல சரியாத்தான் இருக்கும். மன்னிச்சிக்கோங்க.”

சால்வையோடு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கனகலதா வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் முகம் விரிந்தது. “வாங்க வாங்க, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இத்தினி வருஷத்துல இன்னிக்காவது கூட உக்காந்து சாப்பிடணும்னு தோணிச்சே” என்று தட்டை வைத்துச் சோறு போட்டாள். ஒரு கவளம் எடுத்தார். திரும்ப வைத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பெண் அன்றைக்கு அடுப்பாண்டை உட்கார்ந்த கதையை இவர் ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டிலேயே கையைக் கழுவினார்.

“ஒடம்புக்கு ஏதாவதா?”

“ஒண்ணுமில்ல” என்றார்.

திங்கட்கிழமை ஆதிலட்சுமி லீவு. செவ்வாய்க்கிழமை வந்தாள், எப்போதும்போல ஃபைல் எடுத்துக் கொடுத்தாள், தண்ணீர் வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. இவர் இரண்டு முறை “ஆதிலட்சுமி” என்று கூப்பிட்டார். “சார்?” என்று வந்து நின்றாள். முதல் முறை ஸ்டாப்ளர் கேட்டார். இரண்டாவது முறை ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். அவ்வளவுதான் அவர் வீரம்.

புதன்கிழமை டிசம்பர் முப்பத்தொன்று. மத்தியானமே பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். நாலு மணிக்கு அவள் ‘மூன்றாம் மதகு’ நாவலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

“ரொம்ப நாளா வெச்சிருந்துட்டேன் சார். அந்த விட்டுப்போன பாரத்த லைப்ரரி காப்பிலேர்ந்து ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருக்கேன். இனிமே படிக்கறவங்களுக்குத் தெரியாம போவக் கூடாது இல்ல.”

சொல்லிவிட்டு ஜன்னல்களைச் சாத்தப் போய்விட்டாள். திங்கட்கிழமை லீவு எதற்கு என்று இப்போது விளங்கியது.

இருநூற்று எட்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் தாள்கள் பக்க அளவுக்குக் கச்சிதமாக வெட்டி, ஓரத்தில் பசை தடவி, ஒன்றுகூடக் கோணாமல் ஒட்டியிருந்தன. தர்மசந்திரன் படித்தார். அந்த வருஷத்தில் முதல் முறையாக, போனைத் தொடாமல் பதினாறு பக்கம் தொடர்ந்து படித்தார்.

செங்கமலம் திறக்கவில்லை. வடித்த சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவன் மூன்று முறை கூப்பிடுகிறான். ‘பசிக்குது’ என்கிறான். அவள் எழவில்லை. காலடிச் சத்தம் போய்விடுகிறது. மறுநாள் அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றி அவளே தின்கிறாள். திறந்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்று அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதோடு அந்தப் பகுதி முடிகிறது. அவள் செய்தது தப்பு என்று எங்கேயும் ஒரு வரி இல்லை.

தர்மசந்திரன் புத்தகத்தை மூட முடியாமல் உட்கார்ந்திருந்தார். அடுப்பாண்டை உட்கார்ந்து எழுந்திருக்காத ஒருத்திக்கு, அவளைப் போலவே எழுந்திருக்காத இன்னொருத்தி இந்தப் பக்கங்களில் காத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தள்ளிவிட்டு, சோறு போட்ட புண்ணியவதி ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆறு மாசம் இந்தப் பெண்ணை அவளோடு தன்னை ஒப்பிட்டு அழ வைத்திருக்கிறார். சபையில் சிரிக்க வைத்தது அதற்கு அப்புறம்தான். இப்படி ஓர் அவமானத்தை அவர் வாழ்க்கையில் பட்டதில்லை, அதுவும் யாரும் அவமானப்படுத்தாமலே.

போன் துடித்தது. திருமலை இந்த முறை ஒருநாள் முன்னாலேயே கேட்டுவிட்டார். ‘வரும் ஆண்டு எத்தனை நூல்?’ பதினெட்டு, இருபத்து நான்கு என்று வந்துகொண்டிருந்தன. ‘தர்மசந்திரன் சார் எங்கே? இந்த முறை எழுபத்தைந்தா?’ என்று ஒருவர் கேட்டு, கைதட்டும் பொம்மையையும் முன்கூட்டியே போட்டிருந்தார்.

அவர் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார்.

‘கதவைத் திறந்தது நான். ஆதிலட்சுமியிடம் இருந்த பிரதியில் அந்தப் பதினாறு பக்கம் இல்லை. அதில் என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். நான் அந்த நாவலைப் படித்ததே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஐம்பத்திரண்டில் ஒன்றையும் நான் முழுசாகப் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுவதற்காகவும் எழுந்து போகவில்லை. சால்வையைத் திருப்பித் தந்துவிடுகிறேன். வரும் ஆண்டு இலக்கு: 1.’

இந்த முறை எண்ணை இரண்டு தடவை சரி பார்த்து அனுப்பினார். செய்தி போய்ச் சேர்ந்தது. கை தட்டின பொம்மையை அந்த ஆள் நீக்கினார்.

அறையின் அந்தக் கோடியில், கடைசி ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்த ஆதிலட்சுமியின் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். தர்மசந்திரன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செருப்புச் சத்தம் கிட்டே வந்து நின்றது.

“ஏன் சார் இத அறுவது பேருக்குப் போட்டீங்க?” என்றாள். “நான் இங்கதானே நிக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

அதுவும் உண்மைதானே. பத்தடி தள்ளி நிற்கிறவளிடம் வாயைத் திறக்கத் துணிச்சல் இல்லாமல், ஊருக்கே எழுதிவிட்டு யோக்கியன் ஆகப் பார்த்திருக்கிறார். காது மடல் வரைக்கும் சுட்டது.

“மன்னிச்சிடும்மா” என்றார். அது ஒன்றைத்தான் தயாரிக்காமல் சொன்னார்.

அவள் மேஜையில் இருந்த புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“மொதல்ல எடுத்துட்டுப் போனப்பவே பாத்தேன் சார். இருபத்தி மூணாம் பக்கத்துல உங்க பஸ் டிக்கெட்டு இருந்துச்சு. முடிச்சிட்டேன்னு நீங்களே சொன்னதால, அவ்ளோ நல்ல புஸ்தகம் போல, சார் ரெண்டாவது வாட்டி படிக்க ஆரம்பிச்சிருக்காருன்னு நெனச்சிக்கினேன். படிக்கறவரு எடத்த மாத்தக் கூடாதுன்னு அத நான் எடுக்கவே இல்ல.”

சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு, அவர் கிளம்புவதற்காக வாசலில் போய் நின்றாள்.

“இன்னமும் அங்கியேதான் இருக்குது சார்.”